நேர்ந்ததும் சொன்னதும்

சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலோடு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பச்சைப்பட்டினி இருக்கிறாள். தளிகை கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். பக்தர்களுக்காக அம்மனே விரதம் காக்கும் இந்த மண்ணில் நேர்த்திக்கடனைத் தள்ளிப்போட யாரும் துணிவதில்லை. மொட்டையும் தீச்சட்டியும் தவறுவதே இல்லை. அதே கண்டிப்பு மனிதருக்குக் கொடுத்த வாக்கில் இருக்கிறதா?

தெய்வத்துக்குச் சொன்னதுதானே பெரிது என்பார்கள். யூத மரபு வேறுவிதமாக எடைபோடுகிறது. நேர்ந்தால் தாமதியாமல் செலுத்து, நேராமல் இருப்பது பாவமல்ல என்கிறது அவர்களின் வேதநூலான உபாகமம். ஆனாலும் நேர்ந்ததற்காக மனம் வருந்துபவர் மூவர் முன் நின்று முறையிட்டால் விடுவிக்க வழியுண்டு. பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் ஓதும் கொல் நித்ரே பிரார்த்தனையும் கடவுளுக்கும் தனக்கும் இடையிலான நேர்த்திகளை மட்டுமே தொடும். இதைக் காட்டியே, யூதர் வாக்கை நம்பாதே என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் தூற்றினார்கள்; அது அப்பட்டமான பழி. அடுத்தவருக்குப் பட்ட கடனை அந்தப் பிரார்த்தனை தள்ளுபடி செய்யாது. பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தும்வரை யோம் கிப்பூரும் மன்னிப்புத் தராது என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. இதுதான் நியாயம் என்பேன்: தெய்வத்தால் பொறுக்க முடியும், கூலி வராத வீட்டில் அடுப்பு எரியாது.

சமயபுரம் சித்திரைத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி நடப்பவர்களே, தர வேண்டிய கூலியையும் திருப்ப வேண்டிய கைமாற்றையும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.