கைகொடுக்காத பழைய வினாத்தாள்

2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வெழுதியவர்களுக்குப் பழைய வினாத்தாள் எதுவும் கைகொடுக்கவில்லை. புதிய பாடத்திட்டத்தில் பிளஸ் டூவுக்கு நடந்த முதல் பொதுத்தேர்வு அது.

பத்தாண்டுக்கும் மேலாகப் பழகிய மேல்நிலைப் பாடநூல்கள் 2018-19இல் பிளஸ் ஒன்னுக்கும், மறு ஆண்டு பிளஸ் டூவுக்கும் மாறின. அக்கா அடிக்கோடிட்டுப் படித்த புத்தகமும் டியூஷன் நோட்ஸும் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று காட்டிவந்த ‘புளூ பிரிண்ட்’டும் கைவிடப்பட்டது. இரண்டு பாடங்களை ‘சாய்ஸில்’ விட்டுவிடும் கணக்கு அதன்பின் எடுபடவில்லை.

மிஞ்சியது புத்தகம்தான்.

புக் பேக் கேள்விகளோடு நிறுத்தியவர்கள், பெட்டிச் செய்தியையும் படத்தின் கீழிருந்த வரியையும்கூடப் படிக்க வேண்டியதாயிற்று. இயற்பியலில் தீர்த்துக்காட்டிய கணக்கின் விடையைக் கையால் மறைத்துக்கொண்டு தாமே போட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஒரு பத்தியைப் படித்ததும் அதிலிருந்து இரண்டு மதிப்பெண் வினா ஒன்றைத் தாமே எழுதி, மறுநாள் பதில் சொல்லிப் பார்ப்பது இன்னொரு வழி. புரியாத இடத்தில் பாடநூலின் க்யூஆர் குறியீட்டைச் செல்போனில் ஸ்கேன் செய்தால் விளக்க வீடியோ வந்தது. ஆசிரியருக்கும் அது புதுப் புத்தகம்தான் என்பதால், வகுப்பில் யாரும் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை.