நாவின் தீர்ப்பு

கண்ணுக்கு எட்டத்தில் உள்ளதும் தெரியும். காதுக்கு மறைவில் உள்ளதும் கேட்கும். நாவுக்கோ தன்மீது வந்து படிந்ததன்றி வேறொன்றும் தெரியாது. அவ்வளவு குறுகிய எல்லைக்குள் வாழும் இவ்வுறுப்புக்கு நாம் கொடுத்திருக்கும் அதிகாரமோ மிகப் பெரிது. அது இனிதென்றால் நல்லதென்று கொள்கிறோம். அது சுளித்தால் தீயதென்று தள்ளுகிறோம். உணவோடு மட்டும் இத்தீர்ப்பு நின்றுவிடுவதில்லை. மனிதர்களையும், அறிவுரைகளையும், சில வேளைகளில் வணக்க வழிபாடுகளையும்கூட நாம் இவ்வாறே சுவைத்துப் பார்த்து விலை வைக்கிறோம். இத்தீர்ப்பு எதுவரை செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

காவிரியின் இக்கரையில் குமாரபாளையம், அக்கரையில் பவானி. விசைத்தறியின் ஓசை ஓயாத இவ்வூரில், மகரிபுத் தொழுகைக்குப் பின் அன்பர் ஒருவர் இல்லத்தில் மூலிகைத் தேநீர் வழங்கப்பட்டது. பெயர்தான் தேநீர், தேயிலை ஒரு துணுக்கும் அதில் இல்லை. உலர்ந்த ஆவாரம்பூ, சுக்கு, கொல்லிமலை மிளகு, துளசி, அதிமதுரம் ஆகியவற்றைக் கொதிக்க வைத்து வடித்த நீர் அது. வாயில் வைத்ததும் துவர்ப்பு. தொண்டையில் இறங்குகையில் காரம். பருகி முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்த பின்னரோ, சர்க்கரையே சேராத அந்நீரிலிருந்து நெடுநேரம் நிற்கும் ஓர் இனிப்பு. உடனிருந்த இளைஞர் ஒருவர் முதல் மிடற்றிலேயே கிண்ணத்தை ஒதுக்கி, “இது தேநீரே இல்லையே” என்றார். அவர் சொன்னது மெய்தான். ஆனால் அந்நீரில் என்ன இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. தாம் எதிர்பார்த்து வந்த வேறொரு நீர் அங்கே இல்லை என்பதையே சொன்னார். கடைசியில் வரும் இனிப்போ, முதல் மிடற்றோடு நிறுத்தியவருக்குக் கிட்டாதது.

அவர் நாவை உறுத்திய அத்துவர்ப்பின் வரலாறு அறியத்தக்கது. ஆவாரை, சேலம், நாமக்கல் வட்டாரத்து மேட்டு நிலங்களில் எவரும் நடாமலே தழைக்கும் செடி. பொங்கலையொட்டிக் கொங்கு நாட்டார் காப்புக் கட்டும்போது வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஆவாரம்பூவையும் சேர்ப்பர். இலங்கையில் இதன் பூவை ‘ரணவரா’ என்ற பெயரில் காய்ச்சிப் பருகுவது நெடுநாளைய வழக்கம். இதன் பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்தோ தோலைப் பதனிடும் ஆற்றல் உடையது. வேறு பட்டைகளும் குரோமிய முறையும் பரவுவதற்கு முன், தென்னகத்துத் தோல் பதனிடும் தொழில் பெரிதும் ஆவாரம்பட்டையையே நம்பியிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் நம் சமுதாயத்துக் குடும்பங்கள் பல அத்தொழிலால் வாழ்ந்தன. பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுப்பின. ஒரு நாவுக்கு உவப்பற்ற துவர்ப்பு, பல தலைமுறைகளுக்குச் சோறிட்டிருக்கிறது.

ஒரே நீரால் பாய்ச்சப்படும் நிலத்திலிருந்தே விளைச்சல்கள் சுவையில் ஒன்றையொன்று விஞ்சி நிற்பதைத் திருமறையின் ‘ரஃது’ அத்தியாயம் சிந்திப்போர்க்கு அத்தாட்சியாகக் காட்டுகிறது. காவிரிக் கரையில் நிற்பவருக்கு இதற்கு விரிவுரை வேண்டியதில்லை. ஒரே ஆற்று நீர் கரும்பில் இனிப்பாகிறது, மஞ்சளில் கைப்பாகிறது, எலுமிச்சையில் புளிப்பாகிறது. இவ்வேறுபாடு படைத்தவனின் ஏற்பாடு என்றால், நம் நாவுக்குப் பழகிய ஒன்றை மட்டுமே படைப்பின் அளவுகோலாக்க நமக்கு உரிமையில்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. விருப்பும் வெறுப்பும் அற்ற துறவு அன்று இது. விருப்பம் உண்டு, அதைத் தீர்ப்பாக்கி வெளியிடுவது இல்லை. வீட்டில் காடி ஒன்றைத் தவிர வேறு தொடுகறி இல்லை என்றபோது, அதையே வரவழைத்து உண்டு, நல்ல தொடுகறி என்று பாராட்டியதாகவும் நபிமொழி உண்டு. சமைத்தவளின் முகம் வாடாமல் காத்த அப்பாராட்டை, புதிதாய் வந்த மருமகளின் குழம்பை ஊர்ப் பெயர் சொல்லி இகழும் நம் இல்லங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் சுட்ட உடும்பு பரிமாறப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் அண்ணலார் (ஸல்) கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவ, இல்லை, தம் மக்களின் நிலத்தில் இது இருந்ததில்லை, ஆகவே தம் மனம் ஒப்பவில்லை என்னும் கருத்தில் விடை வந்தது. காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து, அண்ணலார் பார்த்திருக்கவே உண்டார்கள். ஹனஃபி அறிஞர்கள் வேறு சான்றுகளைக் கொண்டு அதனை வெறுக்கத்தக்கது என்பர். அவர்களும் நாவின் வெறுப்பைச் சான்றாகக் கொள்ளவில்லை. மார்க்கத்தைக் கொண்டுவந்த தூதரே தம் மனத்தின் ஒவ்வாமையைச் சட்டத்திலிருந்து பிரித்துச் சொல்லியிருக்க, நம் ஒவ்வாமைகளுக்கு நாம் மார்க்கத்தின் முத்திரையைக் குத்துவது எவ்வாறு தகும்?

இப்பிழை பெரியவர்களிடையேயும் நேர்ந்ததுண்டு. இரவு வணக்கத்தில் விழித்திருக்க யமன் நாட்டு ஸூஃபிகள் பருகிய காப்பி, 1511-இல் மக்கா மாநகரில் காயிர் பேக் என்னும் மம்லூக் அதிகாரியால் தடை செய்யப்பட்டது. மருத்துவர்களும் அறிஞர்களும் கூட்டப்பட்டனர், கொட்டைகள் எரிக்கப்பட்டன. புதியதைக் கண்ட திகைப்பும், அதைச் சுற்றிக் கூடிய கூட்டங்கள் குறித்த அச்சமும் அத்தடையில் கலந்திருந்தன. கெய்ரோவிலிருந்து வந்த ஆணை அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. இவ்விவகாரத்தை அப்துல் காதிர் அல்ஜஸீரி பின்னர் அந்நூற்றாண்டிலேயே ஒரு தனி நூலில் விரிவாகப் பதிந்தார். இன்று அதே நகரில் விருந்தினருக்கு முதல் உபசாரம் காப்பிதான்.

நாவின் மறுப்பு சட்டமாகாது என்றோம். அதன் ஒப்புதலும் அவ்வாறே. அத்தேநீரில் இறுதிவரை நின்ற இனிப்பு அதிமதுரத்தினுடையது. அவ்வேரின் சத்து சர்க்கரையைக் காட்டிலும் ஏறத்தாழ 50 மடங்கு இனிப்புடையது. அளவு மீறித் தொடர்ந்து உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தவல்லது. இனிப்பது எல்லாம் நன்மை அன்று. பழகிப்போனதும் அப்படியே. சாயக் கழிவு காவிரியில் கலக்கிறது என்னும் முறையீடு குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் எழுந்துவருகிறது. அனுமதியின்றி இயங்கிய பட்டறைகள் அதிகாரிகளால் இடிக்கப்பட்டதும் உண்டு. தீங்கு கலந்த நீரையும் நாள்தோறும் பருகினால் நாவு அதற்குப் பழகிவிடும். நாவு குறை சொல்லாததால் நீர் தூய்மையாகிவிடுமா?

இனி, இவ்வாராய்ச்சியின் நெஞ்சுக்கு வருவோம். சிறுகுறிஞ்சான் என்றொரு கொடி உண்டு. ‘சர்க்கரைக்கொல்லி’ என்பது அதன் மறுபெயர். அதன் இலை இரண்டை மென்றுவிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை நாவிலிட்டால் இனிப்பே தோன்றாது. மணலை மெல்வது போலிருக்கும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். இனிப்பு மட்டும் மறைந்திருக்கும். அவ்விலையின் சத்தை 1887-இல் உதகமண்டலத்தில் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். நாவில் இனிப்பை உணரும் வாயில்களை அச்சத்து அடைத்துக்கொள்கிறது என்று இன்று அறிந்திருக்கிறோம். அரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ கழிந்தால் அடைப்பு நீங்கிச் சுவை திரும்பும். நீரிழிவுக்கு இவ்விலையைப் பயன்படுத்துவோர், ஏற்கெனவே மருந்துண்போராயின் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். சர்க்கரை அளவு வரம்புக்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.

அந்த அரை மணி நேரத்தில் சர்க்கரை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தட்டில் இருந்த சர்க்கரை சர்க்கரையாகவே இருந்தது. அப்படியாயின் இனிப்பு என்பது நாவில் மட்டும் உள்ளதா? அதுவும் இல்லை; வெறும் நாவு தானே இனிப்பதில்லை. பொருளின் இயல்பும் ஏற்பவரின் நலமும் கூடும் இடத்திலேதான் சுவை பிறக்கிறது. இரண்டில் ஒன்று பழுதுபட்டாலும் சுவை இராது. சுவை இல்லாமையைக் கொண்டு மட்டும் பழுது எந்தப் பக்கம் என்று சொல்லவும் இயலாது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்னும் நூலில் புலன்களின் சாட்சியத்தை இவ்வாறே சோதித்தார்கள். அசையாதது போலத் தோன்றும் நிழல் நகர்ந்துகொண்டிருக்கிறது. பொற்காசு அளவாய்த் தோன்றும் விண்மீன் உண்மையில் மிகப் பெரிது. அவ்வாறு புலன்களை ஐயுற்றவரே, இறுதியில் மெய்ஞ்ஞானத்தின் உயர்ந்த வழிக்கு ‘தவ்க்’, அதாவது சுவைத்தல், என்ற பெயரையே ஏற்றார். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிந்திருப்பது வேறு. நலமாயிருப்பது வேறு என்பது அவர்களின் விளக்கம். ஹிஜ்ரி 488 ரஜபில், கிறித்துவ ஆண்டு 1095-இல், பக்தாதின் பெரும் பேராசிரியராய் இருந்த அவர்களின் நாவு பாடம் சொல்ல மறுத்தது. உணவும் உள்ளே இறங்கவில்லை. மருத்துவர்கள் இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய் என்று கைவிரித்தனர். அப்போது அவர்கள் ரொட்டியைக் கல் என்று சொல்லவில்லை. தம் உள்ளத்தைச் சீர்செய்யப் பக்தாதைத் துறந்து புறப்பட்டார்கள்.

பாடம் சொல்லும் பணியில் இருப்போரிடம் இளைஞரும் முதியோரும் தனிமையில் வந்து கேட்கும் வினா ஒன்று உண்டு: “தொழுகிறோம், ஓதுகிறோம், முன்பிருந்த சுவை இப்போது இல்லை. சுவையற்ற வணக்கம் பொய்யல்லவா? விட்டுவிடுவது நேர்மையல்லவா?” இதைக் கேட்பவர் பெரும்பாலும் உண்மையான மனிதர், வேடக்காரருக்கு இக்கவலை வராது. அவருக்கு நாம் சொல்வது இது. சர்க்கரையை மணல் என்று தீர்ப்பளிக்க விரையாதீர். முதலில் எந்த இலையை மென்றோம் என்று பாரும். காலையெல்லாம் புறம் பேசிய நாவுக்கு ளுஹரில் திருவசனம் இனிக்குமா? முன்பணம் கொடுத்திருக்கிறோம் என்பதற்காகத் தறி ஓட்டுபவரின் கூலியைக் குறைத்துக் கொடுத்த கை, துஆவுக்கு உயர்ந்தால் கனக்காதா? நெடும்பயணத்தில் புழுதி படிந்து, இறைவா இறைவா என்று இறைஞ்சியும், உணவும் உடையும் தகாத வழியில் வந்தமையால் ஏற்கப்படாத மனிதரைப் பற்றிய நபிமொழியை நினைவுகூரும். எந்த இலையும் தென்படவில்லையா? துயரமும் உடல்நோயும்கூடச் சுவையைக் கவரும்; அது குற்றமன்று. இருவகையிலும் அடைப்பு நீங்கும். அதுவரை உணவை நிறுத்தாதீர். கஷாயத்தைக் கைக்கிறது என்றறிந்தே குடிக்கும் நோயாளியை எவரும் வேடக்காரர் என்பதில்லை.

ஆனால் இவ்விடையில் ஓர் ஆபத்தும் உண்டு. சுவையில்லை என்போரை எல்லாம் உம் நாவில்தான் கோளாறு என்று வாயடைப்பது எளிது. வறண்ட பயானைக் கேட்டுச் சபை தூங்கினால் சபையோரின் ஈமானைக் குறை சொல்லும் வழக்கம் நம் ஆலிம்களிடையே இல்லாமல் இல்லை. பூஞ்சை பிடித்த ஆவாரம்பூவைக் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பருகுவோரின் நாவைப் பழிப்பது எந்த நியாயம்? ஆகவே இருபுறமும் சோதனை வேண்டும். வழங்குபவர் தம் சரக்கைச் சோதிக்கட்டும். பருகுபவர் தம் நாவைச் சோதிக்கட்டும். தொழுகை, நோன்பு, திக்ரு ஆகியவற்றின் இனிமைக்கோ, பல நூற்றாண்டுகளாய்ப் பல நிலங்களிலும் வாழ்ந்த நல்லோரின் நாவுகள் சாட்சி சொல்கின்றன. ஒரு நாவின் இன்றைய மௌனம் அத்தனை சாட்சிகளையும் வெல்லாது.

ஆவாரை பூக்கும் ஊரில் சாவார் இல்லை என்று பழமொழி கூறும். மூலிகையின் சிறப்பை உரைக்க வந்த சொல் அது. அதற்குமேல் அதை நம்பலாகாது. ஒவ்வோர் ஆன்மாவும் மரணத்தைச் சுவைக்கும் என்று அறிவிக்கும் திருவசனம், நாம் இதுவரை பேசிய ‘தவ்க்’ என்னும் அதே வேர்ச்சொல்லையே ஆள்கிறது. அந்தக் கிண்ணத்தை ஒதுக்கி வைக்க எந்த நாவுக்கும் உரிமை இல்லை. அதற்கு அப்பால், நல்லோருக்கு இஞ்சி கலந்த பானம் புகட்டப்படும் என்கிறது ‘தஹ்ர்’ அத்தியாயம். அங்கு வரும் ‘ஸன்ஜபீல்’ என்ற அரபுச் சொல்லின் மூலத்தை மொழிநூலார் பலர் நம் ‘இஞ்சிவேர்’ வரை கொண்டுவந்து காட்டுவர். சுவனத்தின் பானத்திலும் காரம் உண்டு போலும். அதை இனிதென்று உணரும் நாவை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!