மணலில் எழுதும் வழிபாடு



அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா மாநிலங்களில் வாழும் ஆதிக்குடிகள் நவாஹோ மக்கள். தம்மைத் 'தினே' என்று அழைத்துக்கொள்வர். திபெத்தியரோ இமயத்துக்கு அப்பால் வாழ்பவர். பெருங்கடல் பிரித்த இவ்விரு மக்களும் மணலை வழிபாட்டுப் பொருளாகக் கொண்டிருப்பது சிந்திக்கத்தக்கது.

நவாஹோ வீட்டில் ஒருவர் நோயுற்றால் 'ஹத்தாலி' எனப்படும் பூசகர் வருவார். பாடுவதே அவர் தொழில். பொடித்த மணற்கல்லாலும் கரித்தூளாலும் தரையில் தெய்வ உருவங்கள் வரையப்படும். நோயாளியை அதன்மேல் அமர்த்தி, அந்த மணலை அவர் உடலில் ஒற்றுவர். கிரியை முடிந்ததும் அன்றே ஓவியத்தைக் கலைத்து, மணலை வெளியே கொண்டுசென்று விடுவர்.

திபெத்தியத் துறவிகள் 'சக்புர்' என்னும் உலோகக் குழாயால் வண்ண மணலைத் தூவி, நான்கு வாசலுள்ள தெய்வ மாளிகையை மண்டலமாக வரைவர். பல நாள் உழைப்பு அது. 1988 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், நம்கியால் மடத்துத் துறவிகள் காலசக்கர மண்டலத்தை எல்லோரும் காண வரைந்தனர். மண்டலம் நிறைவெய்தியதும் மணலைக் கூட்டி நீர்நிலையில் சேர்ப்பது அவர்கள் மரபு.

இரண்டும் ஒன்றே என்று அவசரப்பட்டுச் சொல்லலாகாது. நவாஹோ மக்களுக்கு அது நோய் தீர்க்கும் கிரியை. நோயை ஏற்ற மணல் வீட்டில் தங்கலாகாது. திபெத்தியருக்கோ அது நிலையாமையைப் போதிக்கும் பாடம். நீரோடு அருளும் பரவும் என்பது அவர்கள் நம்பிக்கை. காரணம் வேறாயினும், வரைந்ததைத் தமக்கென வைத்துக்கொள்ளாத மனம் ஒன்றே.

இவ்விரு மக்களும் இடம்பெயர்ந்த துயரையும் அறிந்தவர்கள். நான்கு திசைகளிலும் நான்கு புனித மலைகள் காவலாக நிற்கும் மண்ணே நவாஹோ மக்களின் தாயகம். 1864 இல் படையினர் அவர்களை அங்கிருந்து நெடுந்தூரம் நடத்திச் சென்று சிறைவைத்தனர். பலர் மாண்டனர். 1868 உடன்படிக்கைக்குப் பின்னரே மீண்டனர். பிற்காலத்தில் பாடசாலைகளில் தாய்மொழி பேசிய அவர்களது பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1959 இல் தலாய் லாமாவும் பல்லாயிரம் திபெத்தியரும் இந்தியாவுக்கு அகதிகளாக வந்தனர். நாம் சிவபெருமானின் உறைவிடமாக வணங்கும் திருக்கயிலையைத் தாமும் வலம்வந்து வணங்குபவர்கள் அவர்கள்.

நாடிழந்தபோதும் இவர்களது வழிபாடு அழியவில்லை. ஏன்? அது மணலில் இருக்கவில்லை. கற்றவர் கையிலும் நாவிலும் இருந்தது. ஹத்தாலி ஆவதற்குப் பல ஆண்டுகள் ஆசானிடம் கேட்டு மனனம் செய்யவேண்டும்.

நமது யாகசாலையிலும் வர்ணப் பொடியால் மண்டலம் இடுகிறோம், அதுவும் கலைகிறது. அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட்டால் பாதுகாத்துவிட்டதாக எண்ணுகிறோம். படம் கோலம் போடாது, தேவாரம் பாடாது. நம் பிள்ளையின் விரலுக்கு மாவைப் பிடிக்கத் தெரியுமா? ஒரு பதிகமாவது பொருளறிந்து நாவில் வருமா? இவ்விரு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று சொல்லக்கூடிய வீட்டில் கோலம் நாள்தோறும் அழிந்தாலும் சைவம் அழியாது.

வரும் வெள்ளிக்கிழமை பிள்ளையை அருகில் இருத்தி, ஒரு சிறு கோலத்தையாவது சேர்ந்து போடுங்கள். எல்லாம் வல்ல விநாயகப்பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.

சுபம்.