மதினி வைத்த சாம்பார்

தை மாதம் மூன்றாம் நாள் சேவுகம்பட்டியில் வாழைப்பழம் பறக்கும். வத்தலக்குண்டுக்கும் பட்டிவீரன்பட்டிக்கும் பக்கத்து ஊர் அது. சோலைமலை அழகர் பெருமாளிடம் வேண்டிக்கொண்டவர்கள் கூடை கூடையாகப் பழம் கொண்டுவந்து கோயிலில் சூறை விடுவார்கள். கைக்குச் சிக்கிய பழம் பிரசாதம். பிழைப்புக்கு வெளியூர் போனவர்களும் பொங்கலை ஒட்டி வந்திருப்பதால் வீடுகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. இப்படி நாலு குடும்பம் சேர்ந்து இலை போட்டு உட்கார்ந்தால் அங்கே இன்னொரு சூறை தொடங்கிவிடும்.

"ஏன் மதினி, இந்தச் சாம்பாருக்குள்ள பருப்பு வந்துச்சா, இல்ல எட்டிப் பாத்துட்டுப் போயிருச்சா?"

"மூணாவது வாட்டி ஊத்தச் சொன்னப்ப தெரியலையாக்கும் கொழுந்தனாருக்கு!"

அந்தப் பக்கம் சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர் ஓசைப்படாமல் ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருப்பார். மகள் பார்த்துவிட்டால், "சாமி பழம்த்தா, சுகர் ஏறாது" என்பார். டாக்டர் அதற்கு என்ன சொல்வாரோ, பந்தி முழுக்கச் சிரிக்கும்.

இந்தக் கேலியை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கொழுந்தன் செய்யலாம். அத்தை மகன், மாமன் மகள் செய்யலாம். பேரன் தாராளமாகச் செய்யலாம். அதே வார்த்தையை மாமனார் சொன்னால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கூடிவிடும். கேலி பேசும் முறை, பேசக்கூடாத முறை என்று நம் வீடுகளில் சொல்லாமலே ஒரு கணக்கு உண்டு. ராட்க்ளிஃப்-பிரவுன் என்ற மானிடவியலாளர் இப்படிப்பட்ட உறவுகளைப் பற்றி 1940-இல் ஒரு கட்டுரையே எழுதினார். நம் கல்யாண வீட்டுப் பாட்டிகள் அதைப் படிக்கத் தேவையில்லாமல் சம்பந்தியை ஏசிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி பந்தியில் உட்கார்ந்த அழகு அந்தப் பாட்டுகளுக்கு நல்ல தீனி.

குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய புதுப்பெண்ணைப் பலருக்கும் தெரியும். தயிர் பிசைந்த விரலைக் கட்டிய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அவனை இன்றுவரை புகழ்ந்துகொண்டிருக்கிறோம். எனக்கென்னவோ, புது மாப்பிள்ளை வேறென்ன சொல்லியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. பத்து வருஷம் கழித்து அதே குழம்புக்கு அவன் என்ன சொன்னான், அவள் என்ன திருப்பிக் கொடுத்தாள் என்று யாராவது பாடி வைத்திருக்கலாம்.

ஏனென்றால் விருந்தாளிதான் பாராட்டுவார். "ரொம்ப நல்லா இருக்கு" என்பார், அடுத்த கரண்டி வரும்போது கையால் இலையை மறிப்பார். வீட்டு ஆள் குறை சொல்லிக்கொண்டே வெஞ்சனம் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். சமைத்தவருக்கு இதெல்லாம் அத்துப்படி. பேச்சை ஒரு காதில் வாங்கிவிட்டு, இலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். வீட்டுக்கு வந்த மருமகளிடம் முதல் சில மாதம் எல்லாரும் "நல்லா இருக்கும்மா" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதுவரை அவளும் விருந்தாளி மாதிரிதான். என்றைக்குச் சின்னக் கொழுந்தன் அவள் வைத்த ரசத்தைப் பார்த்து, "இதுல முகம் பாத்துத் தலை சீவலாம் போலயே" என்கிறானோ, அவளும் சளைக்காமல் "சீவுறதுக்கு உமக்கு முடி இருக்கா?" என்கிறாளோ, அன்றைக்கு அவளும் அந்த வீட்டுக்காரி.

திருப்பிப் பேச வாய் இல்லாதவரிடம் செய்வதை நான் கேலியில் சேர்க்க மாட்டேன். முக்கியமாக, சாப்பிடும் பிள்ளையின் உடம்பைப் பற்றி. வளர்கிற பெண்ணிடம் "இன்னொரு தோசையா?" என்று சிரிக்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து கை கழுவிவிடுவாள். பசி தீராமல் எழுந்தாள் என்பது பந்தியில் யாருக்கும் தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலையில் கைவைத்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிக் கைவைத்தவர்களே நூற்றுக்கு சுமார் 26 பேர்தான். மற்ற 74 பேர் எங்கே இருந்தார்கள் என்று கணக்கெடுப்பைக் கேட்க வேண்டாம், மதினியைக் கேட்டால் போதும். பருப்பு எட்டிப் பார்த்ததைக் கண்டுபிடித்த கொழுந்தனாரிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமை கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். அன்று பந்தியில் முதல் ஆளாக மதினி உட்காரட்டும். அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும்.