எருதின் பாரமும் உடையவன் பாரமும்



இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அதனை மாசுபடுத்தும் அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஐந்தாக எண்ணிக் காட்டுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். வேளாண்மையே பெருந்தொழிலாகக் கொண்டிருந்த நம் முன்னோர்க்கு இவற்றைக் கேட்டவுடன் எருதே கண்முன் நின்றிருக்கும். வண்டிப் பாரம் மிகையாயின் இறக்கி வைப்பதும், உழுத மாட்டுக்கு நீர் காட்டிய பின்னரே தாம் உண்ண அமர்வதும் நற்குடிக்கு அழகெனக் கருதப்பட்டன.

அக்குடிகளின் பேரர் பலர் இன்று அரிசி ஆலையிலும் ஜவுளிக்கடையிலும் நகரத்துக் கம்பெனிகளிலும் உடையவராய் அமர்ந்துள்ளனர். எருது இல்லை. ஆகவே பின்னிரண்டு அதிசாரங்களுக்கும் நம் வீட்டில் இடமில்லை என்று எண்ணிவிடலாமோ? கடையுடையார் ஒருவரின் நாளை நோக்குவோம். விழித்தெழுமுன் கையில் அலைபேசி. காலை உணவு பதினொரு மணிக்கு, நின்றபடியே. நண்பகல் உணவுப் பாத்திரம் திறவாமலே வீடு திரும்பும். இரவு பத்தரைக்குக் கதவடைத்த பின் உண்பார். இராவுணவு நீக்கிய குலத்தில் பிறந்தவர் அவர்! பிற உயிர்க்கு ஏற்றத் துணியாத பாரத்தைத் தம் முதுகில் ஏற்றிக்கொண்டு, தமக்கே அன்னமும் நீரும் தடுக்கின்றார்.

‘என் உடம்பு, என் விருப்பம்’ என்பாருக்கு ஆகமம் இடங்கொடுக்கவில்லை. கவனமின்மையும் கஷாயமும் கலந்த செயலால் பிராணங்களைக் கெடுத்தலே இம்சை. பிராணங்களோ ஐம்பொறி, மனம் மொழி மெய் என்னும் முப்பலம், உயிர்ப்பு, ஆயுள் எனப் பத்து. அவை பிறருடையனவாக மட்டும் இருத்தல் வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. கஷாயத்தின் வயப்பட்டவன் முதலில் தன்னையே கொல்கிறான். பிற உயிர் பின்னர்க் கெடலாம், கெடாமலும் போகலாம் என்று புருஷார்த்தசித்தியுபாயத்தில் அமிர்தசந்திராசாரியர் தெளிவுறுத்தினார். இன்னொன்றும் காண்க. சமந்தபத்திராசாரியர் மிகைபாரத்தைக் கொல்லாமையின் அதிசாரங்களுள்ளும் வைத்தார். பொருள்வரைதலின் அதிசாரங்களுள்ளும் வைத்தார். பாரத்திற்கு வேர் எங்குள்ளது என்பதை இதனால் அறிகிறோம்.

மருத்துவ உலகம் இதனைத் தன் வழியில் கண்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தொழிற்சோர்வை நோயெனக் கூறாது, தொழிலால் விளையும் நிலையென வரையறுத்து மூன்று குறிகளைத் தந்தது: ஆற்றல் வற்றிப்போதல், தொழிலின்பால் வெறுப்பும் விலகலும், செயல்திறன் குன்றல். வாரத்தில் 55 மணியும் அதற்கு மேலும் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரை நோக்கப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் மிகுதி என்று அந்நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்டன. இதயத்திற்கு முதலாளி, கூலியாள் என்ற வேற்றுமை தெரியாது. மார்பில் வலியோ கை கால் தளர்வோ தோன்றின் கணக்கை மூடிவிட்டு அப்பொழுதே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

‘உடலை வாட்டுவதைத் தவமென்னும் சமயம், உடலைப் பேணுக எனலாமோ?’ என்று வினவுவோர் உளர். தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் ‘சக்திக்கேற்ப’ என்ற அடையோடே ஓதப்பட்டன. உபவாசம் என்பது கஷாயம் அடங்க, உறுதி பூண்டு உணவை விடுதல். வங்கித் தவணையை எண்ணி உணவை மறத்தல் வெறும் பட்டினி. அதற்கு நிர்ஜரை இல்லை, வயிற்றுப் புண்ணே உண்டு.

ஆயின் செய்யத்தக்கது யாது? நாம் தேசவிரதத்தையே முதலில் கூறுவோம். (சமந்தபத்திரர் இதனைச் சிட்சாவிரதத்துள் வைப்பர், அவ்வேறுபாடு இங்கு வேண்டுவதன்று.) இவ்வளவு காலத்திற்கு இந்த எல்லையைக் கடவேன் என்று உறுதி கொள்வதே அவ்விரதம். சூரியன் மறைந்தது முதல் மறுநாள் உதயம் வரை என் எல்லை என் வீட்டு வாயில் என்று ஒருவர் கொள்ளலாம். எளிதே எனத் தோன்றும். அதன் அதிசாரங்களை நோக்கினால்தான் அருமை புலப்படும். எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வருவித்தல், ஆளை ஏவுதல், குரல் கொடுத்தல், உருவைக் காட்டுதல், கல்லெறிந்து குறிப்புணர்த்தல். வீட்டில் அமர்ந்தபடியே கிடங்கு மேலாளரோடு பேசுவது குரல் கொடுத்தல் அன்றோ? திரையில் முகங்காட்டி ஆலோசனை நடத்துவது உருக்காட்டல் அன்றோ? குறுஞ்செய்தியைக் கல்லெறிதலில் சேர்க்கலாம். அலைபேசி தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே அறவோர் அதன் வழிகளை எல்லாம் அடைத்து வைத்தனர் என்று நாம் வியப்பதுண்டு. கால் வீட்டிலும் மனம் கிடங்கிலும் இருப்பின் எல்லை வகுத்ததால் பயனில்லை என்பதே கருத்து.

சாமாயிகம் பற்றி மிகப் பேசவேண்டா. ஒரு முகூர்த்தம், அஃதாவது 48 நிமிடம், யாவரும் அறிவர். அமர்வோர்தாம் சிலர்.

இரவு பதினொரு மணிக்கு உடையவர் குரல் கொடுத்தால் அது கணக்கரின் உறக்கத்திலும் சென்று விழுகிறது. அவரும் உணவை விட்டு எழுகிறார். தம்மீது பாரம் ஏற்றுவோர் பிறர்மீது ஏற்றாமல் இருப்பது அரிது. தொழில் நடத்தும் சாவகியர்க்கோ கடைப் பாரத்தோடு அடுப்பங்கரைப் பாரமும் சேர்கிறது; அதனை வீட்டார் பகிர்ந்துகொள்ளல் முறை.

சாவகரின் பதினொரு நிலைகளுள் எட்டாவதில் தொழில் முயற்சி விடப்படுகிறது, ஒன்பதாவதில் உடைமை, பத்தாவதில் ‘இவ்வாறு செய்க’ என்னும் இசைவும் விடப்படுகிறது. எழுபது வயதிலும் பணப்பெட்டித் திறவுகோலை மடியில் முடிந்திருப்போர், இறங்குவதற்கு இத்துணைப் படிகள் அமைக்கப்பட்டிருப்பதைக் கருதுவாராக. எட்டாம் நிலை இன்று இயலாதெனில், அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டுமாவது திறவுகோலை மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டு ஜினாலயம் செல்லலாம். அன்று மாலை கணக்குக் கேட்க வேண்டா. நூறு ரூபாய் குறைந்திருப்பின் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.