பழவினையும் மாத்திரை அட்டையும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்துக்கு உரை எழுதப் புகும் பரிமேலழகர், நோய்களை முதலிலேயே இரண்டாகப் பிரித்துவிடுகிறார். பழவினையால் வருபவை ஒரு வகை, பிற காரணங்களால் வருபவை இன்னொரு வகை. வினை கழிந்தாலொழிய முதல் வகை தீராது; ஆகவே அதை ஒதுக்கிவிட்டு மற்றதற்கே வள்ளுவர் மருந்தின் திறம் சொல்கிறார் என்பது அவர் விளக்கம். வினைக்கொள்கையை முழுமனதாக ஏற்ற ஓர் உரையாசிரியர் தரும் இந்தப் பிரிவினைக்குள் ஓர் உரைகல் இருக்கிறது: மருந்துக்குக் கட்டுப்படும் நோயைப் பழவினைக் கணக்கில் எழுத முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பாவத்தின் பலன் என்று பேசப்பட்ட தொழுநோயை இதில் உரசிப் பார்க்கலாம். 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் மருத்துவர் ஹேன்சன் அதன் கிருமியைக் கண்டறிந்தார். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் ஆகியவற்றைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களின் தொடக்கத்தில் வந்தது. நோயின் பரவலைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிறது. பரிகாரம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் மருந்து ஒன்றுதான், கெடுவும் ஒன்றுதான்.

இதற்கு மறுப்பு உடனே வரும். கிருமி வெறும் கருவி; ஒரே வீட்டில் பலர் இருக்க ஒருவரை மட்டும் அது ஏன் பிடிக்க வேண்டும், அந்தத் தேர்வில்தானே வினை இருக்கிறது என்பார்கள். குணமானதைக்கூட, வினை கழிந்த வேளையும் மருந்து கிடைத்த வேளையும் ஒன்றாக அமைந்தன என்று சொல்லிவிடலாம். இதை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. இந்தக் கிருமி உடலில் புகுந்து அடையாளம் தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும், சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆகலாம். மிகப் பெரும்பாலோருக்கு இயல்பிலேயே இதற்கு எதிர்ப்பாற்றல் உண்டு. காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி நின்றபோது முற்பிறவிவரை போய்த் தேடிய முன்னோர் அறிவிலிகள் அல்லர். ஆனால் நோய் வந்தாலும் வினை, வராவிட்டாலும் வினை, தீர்ந்தாலும் வினை என்றால், அது எல்லோருக்கும் பொது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லி ஒருவரை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்துவது எந்த நியாயம்?

கண்ணெதிரே ஆதாரம் இருந்ததே என்பது இன்னும் வலுவான வாதம். மழுங்கிய விரல்களும் ஆறாத புண்களும் தண்டனையின் முத்திரைபோலத் தோன்றின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஆய்வுகள் இதைப் புரட்டிப்போட்டன. சதை தானாக அழுகி விரல் உதிர்வதில்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரம் சுடுவது தெரியாது, காலில் தைத்த முள்ளும் தெரியாது. வலிக்காத காயத்தை யாரும் பேணுவதில்லை. அது புண்ணாகி எலும்புவரை போகிறது. உணர்ச்சியற்ற தேமலாக இருந்தபோதே மருத்துவரிடம் காட்டியிருந்தால் பெரும்பாலும் இவ்வளவு தூரம் வந்திராது. பாவி என்ற பெயருக்கு அஞ்சித்தான் பலர் அந்தத் தேமலைச் சட்டைக்குள் மறைக்கிறார்கள். மறைத்த ஆண்டுகளில் கை முடங்குகிறது. முடங்கிய கையைக் காட்டி ஊர் பாவத்தை நிரூபிக்கிறது. நம்பிக்கை தனக்கு வேண்டிய ஆதாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விந்தை இது.

காசநோய்க் கிருமி தொழுநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. இரண்டும் மைக்கோபாக்டீரியம் என்ற ஒரே பேரினம். காசநோயாளிகளையும் ஒதுக்கினோம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் 1948இல் அந்நோயால் இறந்த எழுத்தாளர் புதுமைப்பித்தனைப் பற்றிப் பேசும்போது நாம் வறுமையையும் இழப்பையும் பேசுகிறோம், முற்பிறவிக் கணக்கைப் புரட்டுவதில்லை. நுரையீரல் உள்ளே இருக்கிறது, முகமும் கையும் வெளியே இருக்கின்றன. நம் இறையியல் அந்த அளவுக்குத்தான் ஆழம். வினை என்ற எண்ணம் நோயாளிக்கு ஆறுதல் தருகிறதே என்று கேட்கலாம். தன் துன்பத்தைத் தானே அப்படி ஏற்று ஒருவர் மனம் ஆறினால் அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. அதையே பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குச் சட்டமும் நெடுங்காலம் துணைநின்றது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. துணைவரின் தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்க இந்து திருமணச் சட்டம் முதலியவற்றில் இருந்த பிரிவு 2019 வரை நீடித்தது. ஓராண்டில் நோயைத் தீர்க்கும் மாத்திரை அட்டை வந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.