அடுப்பின் வெப்பத்தைச் சகித்தவன்

சுபஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியில், பாலமுனையின் கடற்கரைப் பக்கத்து வீடொன்றின் குசினியில் விளக்கெரியக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். வளைகுடா நாட்டு ஹோட்டல் ஒன்றின் பேஸ்ட்ரிப் பகுதியில் ஒன்பது வருஷமாக உத்தியோகம் பார்ப்பவனும், எனக்கு மருமகன் முறையானவனும், லீவில் ஊருக்கு வந்திருந்தவனுமான ஓர் இளைஞன், பனிக்கட்டி வைத்துக் குளிரச் செய்த கருங்கற் பலகையின்மேல் உருகிய சொக்லேட்டை ஊற்றி, அகன்ற தகட்டால் அதைப் பரப்புவதும் வழித்துக் குவிப்பதுமாக நின்றான். முதல்நாள் பகலில் இதே வேலையில் தோற்றுப் போனானாம். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான பளிங்குகளாக உறையக்கூடியதென்றும், அவற்றுள் ஒன்றே பளபளப்பையும் முறுகலையும் தருமென்றும், அதைப் பெறக் கறுப்புச் சொக்லேட்டை 45 பாகைக்கு மேல் சூடாக்கி, 28 பாகைவரை இறக்கி, மீண்டும் 31, 32 பாகைக்கு ஏற்ற வேண்டுமென்றும் விளக்கினான். பகலிலேயே 32 பாகையைத் தாண்டிவிடும் எங்கள் கரையோரத்தில் அந்தக் கணக்கு எப்படி நிலைக்கும்? ஆகவேதான் விடியற்காலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். பேசிக்கொண்டே தகட்டின் நுனியில் ஒரு சொட்டை எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்த்தான். உதட்டுக்குச் சற்றே குளிர்ந்து தெரிந்தால் பதம் சரியாம்.

அதன்பின் அவன் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "மாமா, இவ்வளவு பாடுபட்டுச் செய்யிற சாமான் வாயில வச்சதும் கரைஞ்சி போயிடுது. மறுமையில 'என்ன தொழில் செய்தாய்?' எண்டு கேட்டா நான் எதக் காட்டுற?"

இந்தக் கேள்வியை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. ஏனெனில், ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், தம்முடைய 'இஹ்யா உலூமுத்தீன்' என்னும் மகா கிரந்தத்தில் சம்பாத்தியத்தின் ஒழுங்குகளை விவரிக்குமிடத்தில், ஏறக்குறைய இதே வினாவுக்குக் கடுமையான விடையொன்றைத் தந்திருக்கிறார்கள். தொழில்களும் வியாபாரங்களும் கைவிடப்பட்டால் மனித ஜீவிதமே நிலைகுலைந்துவிடுமாதலால், தன் தொழிலின் மூலம் சமுதாயத்தின் பொதுக்கடமையாகிய பர்ளு கிபாயா ஒன்றை நிறைவேற்றுவதாக ஒருவன் நிய்யத் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் உரைக்கும் இமாம், உடனடியாக, தொழில்களுள் முக்கியமானவை சில, சுகபோகத்தையும் அலங்காரத்தையும் நாடுவதால் இல்லாமலே வாழ்ந்துவிடக் கூடியவை சில என்று பகுத்து, முக்கியமானதிலேயே ஈடுபடுமாறு புத்தி சொல்கிறார்கள். சித்திரச் செதுக்கல், பொன்வேலை, சுண்ணச்சாந்தால் கட்டடங்களை அழகுபடுத்துதல் முதலியன மார்க்கப் பற்றுள்ளோர் வெறுத்தவை என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது.

பாண் சுடுகிறவன் முதல் வகுப்பில் சேர்வான், சந்தேகமில்லை. மூன்று தட்டுக் கேக்கில் சீனிப்பூ வைக்கிறவன் எங்கே சேர்வான்? ஐரோப்பியப் பேஸ்ட்ரிக் கலையின் பிதாமகரென மதிக்கப்படும் பிரெஞ்சுக்காரர் அந்தோனன் கரேம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாலகனாகப் பாரிஸ் வீதியில் கைவிடப்பட்டு, எடுபிடியாகத் தொடங்கி, அரசர்களின் விருந்துகளை அலங்கரிக்கும் நிலைக்கு உயர்ந்து, 1833இல் ஐம்பது வயது எட்டுமுன் இறந்தவர். நூலகத்தில் அமர்ந்து பழைய கட்டடங்களின் சித்திரங்களைப் பிரதி செய்து, அந்தக் கோபுரங்களையும் கோயில்களையும் சீனியாலும் பாதாம் மாவாலும் எழுப்பிய அவர், பண்டக் கலையைக் கட்டடக் கலையின் ஒரு கிளையாகவே கருதினார். இமாம் அவர்கள் பெயர் குறித்து விலக்கிய சுண்ணச்சாந்து வேலையேதான் இங்கே சீனிச்சாந்தாக வந்து நிற்கிறது. அந்தத் தீர்ப்பிலிருந்து கரேமைக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால், என் மருமகனை அவ்வரிசையில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. காரணம், என் உம்மா தொதல் கிண்டிய காட்சி. பெருநாளைக்கு முந்திய நாள் முற்றத்தில் மூன்று கல் வைத்து, பெரிய தாச்சியை ஏற்றி, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து, தென்னம்மட்டை எரியும் புகையில் கண்கள் சிவக்க, மணிக்கணக்காகக் கை மாறாமல் கிண்டுவார். எண்ணெய் பிரிந்து ஓரம் விட்டு வரும்வரை இறக்கமாட்டார். அந்தத் தொதல் ஒரு நாளில் தீர்ந்துபோம். பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு, மனஸ்தாபத்தில் இருந்த சாச்சி வீட்டுக்கு ஒரு தட்டு என்று அது போன வழியெல்லாம் உறவு துளிர்த்ததை நான் கண்டிருக்கிறேன். பசி தீர்ப்பதற்கு அது வேண்டியதில்லைதான். பெருநாள் பெருநாளாவதற்கு வேண்டியிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். திருமறையின் ஓர் அத்தியாயமே தேனீயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இனிமையை அல்லாஹ் வீணாகப் படைக்கவில்லையென்றால், அதைப் பதமாகச் சமைக்கும் கையும் வீணாகாது. பகட்டுக்காக நிறுத்தி வைக்கும் கேக்கும் பங்கிட்டு உண்ணும் கேக்கும் ஒரே போறணையில் வெந்தாலும், இமாம் அவர்களின் தராசில் இரண்டுக்கும் ஒரே நிறை இராது என்பதே என் துணிபு.

விலக்கப்பட்டவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்றித்தோல் ஜெலற்றினும் ரம்மும் பிராந்தியும் ஹோட்டல் குசினிகளில் எதிர்ப்படும்; எல்லை தெளிவானது. அவற்றை நீக்கினால் ருசியே போய்விடும் என்போர் தலசேரி மம்பள்ளி பாப்புவை நினைக்கலாம். பர்மாவில் பிஸ்கட் தொழில் பழகிவந்து 1880இல் பிஸ்கட் பேக்கரி நிறுவிய அவரிடம், 1883இல் மர்டொக் பிரவுன் என்னும் தோட்டத்துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொடுத்து, அதேபோல் செய்யச் சொன்னாராம். பிரெஞ்சுப் பிராந்தி சேர்க்குமாறு துரை சொல்லியும், பாப்பு ஊர் முந்திரிப்பழத்தையும் வாழைப்பழத்தையும் கொண்டு வடித்ததைச் சேர்த்து அவரை மெச்சச் செய்தார் என்பது வரலாறு. வடித்தது நமக்கு ஆகாது. ஆனால், மாற்றுப்பொருளைத் தன் நாவினாலேயே தேடிக் கண்ட அந்தக் கைவினைஞனின் தைரியம் நமக்கு ஆகும்.

என்னை மெய்யாக வருத்துவது வேறொன்று. ஹலாலானதை உண்ணச் சொன்ன இறைவன், தய்யிபானதை, தூய்மையானதை உண்ணுமாறும் கூடவே பணித்திருக்கிறான். உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் தருகின்றன. அங்குள்ள தோட்டங்களில், வெட்டுக்கத்தியால் காய் பிளந்தும் பாரம் சுமந்தும் உழைக்கும் சிறுவர் 15 இலட்சத்துக்கும் மேல் என்று சிகாகோப் பல்கலைக்கழகத்து ஆய்வு நிலையம் 2020இல் அறிவித்தது. பெருங்கம்பெனிகள் இதை ஒழிப்பதாக 2001இலேயே கைச்சாத்திட்டிருந்தன. மதுவில் ஒரு துளியும் கலவாமல், பன்றியின் சம்பந்தம் சற்றும் இல்லாமல், அத்தாட்சி முத்திரையோடு வரும் சொக்லேட்டில் கூலி மறுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வியர்வை இருக்குமானால், அதைத் தய்யிப் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் போதித்த உம்மத் நாம். மாத்தளையிலும் கண்டிப் பக்கத்திலும் நம் நாட்டிலேயே கொக்கோ விளைகிறது. யார் பறித்தது, என்ன கூலி என்று நேரே போய்க் கேட்கலாம். இதை அவனிடம் சொன்னபோது, "அதையும் பாக்கத்தான் வேணும் மாமா" என்றான். மறுமையில் எதைக் காட்டுவதென்ற அவன் கேள்விக்கு என்னிடமுள்ள விடையும் அதுவே: கரைந்துபோன சொக்லேட்டைக் காட்ட வேண்டாம்; அதற்காக விசாரித்ததையும் விலக்கியதையும் காட்டட்டும்.

ஊரைப் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும். அயலூரான ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்தபின், பிள்ளை பட்டதாரியாவதே பெருமையென்றும், கேக் அடிக்கிற வேலை படிப்பு ஏறாதவனுடையதென்றும் நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஊன்றிவிட்டது. தாவூத் நபியவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்று நமக்குச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், பணியாள் உணவு சமைத்துக் கொண்டுவந்தால், அவனையும் கூட அமர்த்திக்கொள்ளுங்கள், இயலாவிடில் ஒரு கவளமாவது அவனுக்குக் கொடுங்கள், அதன் வெப்பத்தைச் சகித்தவன் அவனல்லவா என்ற கருத்தில் அருளியிருக்கிறார்கள். வருகிற பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்குக் கேக் வருமானால், அதைச் செய்தவனையும் கூப்பிடுங்கள். விறாந்தையில் நிறுத்தாமல் உள்ளே அமர்த்தி, முதல் துண்டை அவன் கையிலே கொடுங்கள்.